திமோர் மரத்துக்கு நாம் பட்ட கடன்

சேர்வராயன் மலைக் காப்பி விவசாயிகள் அனைவருக்கும் வணக்கம்.

நாகலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் உங்களில் ஒருவன் எழுதுகிறேன். வெளிநாட்டுக் காப்பியில் ஒரு மூட்டைகூட உள்ளே வரக்கூடாது என்று தீர்மானம் போடலாம் எனச் சென்ற கூட்டத்தில் பேசினோம். நானும் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை.

என் அப்பா காலத்தில் மழை ஓய்ந்ததும் இலையின் அடியில் மஞ்சள் தூள் அப்பியிருக்கும். பிறகு இலை கொட்டிக் கிளை வெறும் குச்சியாக நிற்கும். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, அந்தத் தீவின் காப்பியையே அழித்த இலைத்துரு நோய் அது. பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு நாங்கள் காவேரியும் சந்திரகிரியும் நட்டோம். இந்த இரண்டு ரகங்களுக்கும் துருவைத் தாங்கும் வலு வந்தது தென்கிழக்கு ஆசியாவின் திமோர் தீவிலிருந்து. அங்கே ஒரு தோட்டத்தில் அராபிகா, ரொபஸ்டா என்ற இரண்டு காப்பி இனங்களும் தாமாகவே கலந்து முளைத்த மரம் ஒன்று, துரு படாமல் நிற்பதை 1927இல் கண்டார்கள். அதன் வாரிசுகள்தான் இன்று நம் சரிவுகளில் காய்க்கின்றன. இப்போது இவற்றிலும் அங்கங்கே துரு தலைகாட்டுகிறது, உண்மைதான். ஆனாலும் இத்தனை வருட மகசூலுக்கு அந்த மரத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நாற்று வாங்கும்போது இதை யாரும் நமக்குச் சொன்னதில்லை.

அந்தத் தீவின் கிழக்குப் பாதி 2002இல் திமோர் லெஸ்தே என்ற தனி நாடானது. கடலடி எண்ணெயும் எரிவாயுவும்தான் அதன் கஜானாவை நிரப்பின. அவர்களின் பாயு உண்டான் என்ற கடலடி எரிவாயு வயலில் 2025இல் உற்பத்தி நின்றுவிட்டது. அதை விட்டால் அவர்கள் வெளியே விற்கும் முக்கியச் சரக்கு காப்பி. ஏறத்தாழ நாலில் ஒரு குடும்பத்துக்கு அதில்தான் வருமானம். நம்மைப் போலச் சிறு தோட்டங்கள்தாம். ஆனால் மரங்களுக்கு வயதாகிவிட்டது, கவாத்தும் (கிளை வெட்டிச் சீராக்குவதும்) சரியாக இல்லை. 1990களில் அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, பிறகு இயற்கைக் காப்பி என்ற சான்றோடு, விவசாயிக்கு நியாயமான விலை தரும் நியாய வணிக முறையில் விற்கத் தொடங்கினார்கள். விலைக்கு மேல் கிடைத்த தொகையில் மலைக்கிராமங்களில் கிளினிக் நடத்தினார்கள். வாங்க ஆள் இருந்ததால் நடந்தது அது.

வாங்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? விலை விழுந்த வருடங்களில் இந்த மலையில் எத்தனை தோட்டம் கட்டடமானது! திமோரிலோ காப்பிக்கு நிழல் தரும் மரம் விறகாகும், சரிவின் மண் மழையோடு கடலுக்குப் போகும். சின்னத் தீவு, போன மண் திரும்பாது.

நம் நாட்டில் காப்பிக்குப் பொதுவான இறக்குமதித் தீர்வை 100 சதவீதம். பெரிய நாடுகளின் மலிவுச் சரக்கு கொட்டினால் நாம் தாங்க மாட்டோம், அந்த வேலி இருக்கட்டும். ஆனால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 3.5 லட்சம் டன் விளைகிறது. திமோரின் மொத்த விளைச்சலும் அதில் ஒரு சிறு பங்கு. நம் காப்பியிலோ பெரும்பகுதி இத்தாலி, ஜெர்மனி என்று வெளியே போகிறது. அங்கே கதவு திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் நாம், இங்கே ஒரு சன்னலைக்கூடத் திறக்க மாட்டோமா?

இதற்கு வழி புதிதல்ல. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் மொரீஷியஸ் தீவின் 615 பொருட்களுக்கு இந்தியா சலுகை தந்தது. அதில் சர்க்கரையும் உண்டு, அளவு கட்டி. திமோர் லெஸ்தேயும் 2024இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்துவிட்டது; அதோடும் இப்படிப் பேசலாம்.

ஆகவே தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்கிறேன்: திமோர் லெஸ்தே போன்ற சிறு தீவு நாடுகளின் காப்பியை, ஆண்டுக்கு இத்தனை டன் என்று அளவு கட்டி, தீர்வையில்லாமல் விடலாம். கூடவே, காப்பி வாரியம் மூலம் அந்த ஊர் விவசாயிகள் சிலரை இங்கே அழைப்போம். நிழல் மரமான சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏற்றி இரண்டாவது வருமானம் பார்ப்பதை நம் தோட்டத்திலேயே காட்டலாம்.

அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விலை விழும் என்று அஞ்சுகிறவர்கள் கணக்கோடு வாருங்கள். நானும் என் தோட்ட நோட்டைக் கொண்டு வருகிறேன், உட்கார்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
ஏற்காட்டுக் காப்பி விவசாயி ஒருவன்