சொம்பில் வெட்டிய பெயர்

அன்புள்ள டீச்சரம்மா,

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவளை இப்படிக் கூப்பிடச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் நீ எழுதியிருந்ததைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. கட்டுரை என்றாலே பிள்ளைகள் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நோட்ஸில் உள்ளதை அப்படியே இறக்கிவைக்கிறார்கள், பழைய பொருள் ஏதாவது காட்டி எழுதவைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வைக்கலாம். முதலில் நான் சொதப்பிய கதையைக் கேள்.

ஒருமுறை ஓட்டைக் காலணா ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அதைக் கையில் எடுத்ததும் எனக்கு வாய் அடங்கவில்லை. 1943 முதல் 1947 வரை அடித்த காசு, போர்க்காலத்தில் உலோகம் மிச்சமாகட்டும் என்று நடுவில் ஓட்டை, 64 காலணா சேர்ந்தால் ஒரு ரூபாய், 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது... மணி அடிக்கும்வரை பேசினேன். மறுநாள் எல்லா நோட்டிலும் நான் சொன்னதேதான். நோட்ஸ் இருந்த இடத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான். ஒரு பிள்ளைகூட அந்த ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. நான் காசைக் கொடுத்தால்தானே!

அடுத்த வருடம் என் அம்மாவின் பித்தளைச் சொம்பைக் கொண்டுபோனேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. கைமாற்றிப் பாருங்கள், எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒடுங்கியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். முதல் கால் மணி நேரம் ஒரே கூச்சல். அப்புறம் மெல்ல அடங்கியது. உள்ளே ஈயப்பூச்சு போய் அடியில் மட்டும் திட்டுத்திட்டாக மிச்சம். விளிம்பில் ஒரு ஒடுக்கு. கழுத்துக்குக் கீழே பாத்திரக் கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய இரண்டு எழுத்தும் ஒரு தேதியும். கடைசி எண் பாதி தேய்ந்துவிட்டது. 61 என்று ஒரு கூட்டம், 64 என்று ஒரு கூட்டம், அதற்கே ஒரு சண்டை.

பெயர் எதற்கு வெட்டினார்கள் என்று ஒருத்தி கல்யாண வீட்டுக் கதை எழுதினாள், பந்தியில் பாத்திரம் கலந்துபோய் இரண்டு வீட்டார் மல்லுக்கு நிற்பதாக. ஒரு பையன் மூன்றே வரி எழுதியிருந்தான். “இந்தச் சொம்பு அடகுக் கடைக்குப் போயிருக்கும். அடியில் ஒரு நம்பர் கீறியிருக்கு. அப்புறம் மீட்டுட்டாங்க.” அம்மா அதை அடகு வைத்து மீட்டது எனக்குத் தெரியும். அந்தக் கீறலை அத்தனை வருடமும் நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் கீழடி அகழாய்வை எடுத்தேன். பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பெயர்கள் கீறியிருக்கும் படங்களைக் காட்டினேன். ஒரே கையெழுத்தாகவும் இல்லை. “அவங்களும் பாத்திரம் மாறிப்போயிடக் கூடாதுன்னு எழுதினாங்களா சார்?” என்றாள் ஒருத்தி. அதையே எழுது, ஆனால் பென்சிலில் எழுது என்றேன். கண்ணால் கண்டது பேனாவில், ஊகம் பென்சிலில். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாதே. கற்பனைக்கும் இடம் இருக்கும், வரலாறும் புளுகாகிவிடாது. கீழடியில் 2023 முதல் அருங்காட்சியகமும் இருக்கிறது. முடிந்தால் கூட்டிப்போ, போகும்போது பென்சிலை மறக்காதே.

இன்னொன்று. பொருள் கொண்டுவரச் சொன்னால், எவனாவது காட்டில் தோண்டி முதுமக்கள் தாழியின் ஓட்டுத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். அந்த மாதிரிப் பொருள் எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் பாதிக் கதை இருக்கிறது. பிடுங்கிவிட்டால் போச்சு. கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லச் சொல், நீ தாசில்தார் ஆபீசுக்குத் தகவல் கொடு. வகுப்புக்கு வீட்டுப் பரணே போதும். அரிக்கேன் விளக்கு, ஆழாக்கு, தாத்தாவின் ரேஷன் கார்டு, எது வந்தாலும் சரி. விலை உயர்ந்தது மட்டும் வேண்டாம். தொலைந்தால் பதில் சொல்ல முடியாது.

சொம்பை உங்கள் ஊர்ப்பக்கம் வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அடியில் உள்ள நம்பரைப் பற்றி மூச்சு விடாதே. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடு. பெயர் வெட்டியிருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் தமிழ் சார்