கொல்லம் மெயிலின் கதையை எங்கள் ஸ்டேஷன்களில் எழுதி வைக்க வேண்டி மனு

அனுப்புநர்:
ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை பகுதித் தமிழ் மக்கள்,
கொல்லம் மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, மதுரைக் கோட்டம், மதுரை.

பொருள்: ‘கொல்லம் மெயில்’ என்ற சென்னை – கொல்லம் ரயிலின் வரலாற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் பலகையாக வைக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் வாழும் தமிழர்கள் நாங்கள். எஸ்டேட் வேலைக்கும் ரயில்பாதை வேலைக்கும் தென்காசிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்களில் நிறையப் பேர். எங்களுக்கு ஊர் என்றால் அது மலைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது.

செங்கோட்டை – கொல்லம் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாள) பாதையில் 1904ஆம் ஆண்டு வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. மலையின் இரு பக்கமும் ஒரே ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு நடுவே எல்லைக்கோடு வந்தது. கோடு வந்தும் வண்டி நிற்கவில்லை. கொல்லம் மெயில் மலையேறிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் தாத்தாக்கள் அந்த மெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். வண்டி மேட்டில் ஏற, முன்பக்கம் ஒரு இன்ஜின் இழுக்கும், பின்பக்கம் ஒன்று தள்ளும். ஆரியங்காவுக் குகைக்குள் (மலையைக் குடைந்த ரயில் சுரங்கத்துக்குள்) நுழையும்போது ஜன்னலை இறக்கச் சொல்வார்களாம். இறக்காதவர் முகம் கரிப்புகையாகி வெளியே வரும். கழுதுருட்டிப் பாலத்தின் கருங்கல் கமான்கள் (வளைவுகள்) பதிமூன்றின் மேல் வண்டி போவதைப் பார்க்க, மாடு மேய்க்கும் பிள்ளைகள் ஓடி வந்து நிற்பார்கள். சபரிமலை மண்டல காலத்தில் ஆரியங்காவு ஐயன் கோயில் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக இன்றும் வருகிறார்கள். அந்தச் சம்பந்தி உறவுக்கும் இந்தப் பாதை எத்தனையோ வருடம் துணை நின்றது.

அப்புறம் சென்னை வழித்தடம் அகலப் பாதையாக மாறியதும், மீட்டர் கேஜ் வண்டி அங்கே போக வழியில்லாமல் மெயில் நின்றது. 2010 செப்டம்பரில் புனலூர் – செங்கோட்டைப் பாதையையே மூடினார்கள். 2018 ஜூனில் அகலப் பாதை முறைப்படி திறக்கும் வரை, கிட்டத்தட்ட எட்டு வருடம், கல்யாணம் காரியம் எல்லாவற்றுக்கும் பஸ்தான். மறுபடி சென்னைக்கு நேரே வண்டி வந்தபோது பெட்டியைத் தொட்டுக் கும்பிட்ட வயசாளிகளை நாங்கள் பார்த்தோம்.

இன்று அதே வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து வரும் இளைஞர்கள் குகையையும் பாலத்தையும் செல்போனில் படம் எடுக்கிறார்கள். யார் கல்லுடைத்தார்கள், எந்த வருடம், ஏன் இத்தனை வருடம் மூடிக் கிடந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. மீட்டர் கேஜ் காலத்தில் கேங்மேனாக (தண்டவாளம் பராமரிப்பவராக) வேலை பார்த்தவர்களில் எங்கள் பகுதியில் உயிரோடு இருப்பவர்கள் சிலரே. அவர்களும் தளர்ந்துவிட்டார்கள். அதனால்தான் இந்த அவசரம்.

ஆகவே, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் நிலையங்களில் பயணிகள் நின்று படிக்கும்படி பெரிய எழுத்தில், பழைய படங்களோடு இந்த ரயிலின் வரலாற்றுப் பலகையை வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மலையாளத்தோடு தமிழும் கட்டாயம் வேண்டும், இந்தப் பாதையில் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். பலகை எழுதும் முன்பு, ஒரு அலுவலரை அனுப்பி அந்தப் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யவும் வேண்டுகிறோம். பழைய விளக்கு, கொடி, ஒற்றைப் பாதையில் வண்டி போக அனுமதி தரும் டோக்கன் கருவி போன்றவை கோட்டத்தின் கிடங்கில் எங்காவது இருந்தால், புனலூரில் ஒரு அறை ஒதுக்கி வைத்தால் போதும்.

எங்கள் வீடுகளில் இருக்கும் பழைய போட்டோக்களையும் டிக்கெட் அட்டைகளையும் தரத் தயாராக இருக்கிறோம். அலுவலர் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், பெரியவர்களை ஆரியங்காவு ஸ்டேஷனுக்கு நாங்களே அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை பகுதித் தமிழ் மக்கள்