கம்பி பிரஷைக் கீழே வையுங்கள்

பழைய கல்லறைத் தோட்டங்களைப் பராமரிக்கும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் அடிக்கடி போகிற ஒரு கல்லறைத் தோட்டத்தில், போன மாதம் ஒரு மூலை மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பி பிரஷால் தேய்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு குழந்தையின் பளிங்குக் கல் உண்டு. மேலே படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி, கீழே பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'வயது நான்கு மாதம்'. ஆட்டுக்குட்டியின் காது எப்போதோ மழையில் கரைந்துபோனது. இப்போது அந்த நான்கு மாதமும் போய்விட்டது.

கெட்ட எண்ணத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த இடத்தின் பெயரைச் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கல்லறைக்குப் போய் என்ன பார்ப்பாய் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். படிக்கத்தான் போகிறேன். ஒரே குடும்பப் பெயரில் மூன்று கல், மூன்றிலும் 1918 அக்டோபர் என்றால் அந்த வருடம் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அந்த வீட்டுக்குள் புகுந்த கதை அநேகமாக அதுதான். பாதியில் முறிந்த தூண், பாதியில் முடிந்த ஆயுசு. வாசகம் அழிந்த கல்லில் பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால், இல்லாத எழுத்து நிழலாக எழுந்து வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கையே நடுங்கியது.

கல்லும் பேசும். பளிங்கில் ஈய எழுத்துப் பதித்திருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். வைத்தபோது கல்லோடு சமமாக இருந்த எழுத்து இப்போது துருத்திக்கொண்டிருக்கும். அமில மழை அத்தனை பளிங்கைத் தின்றிருக்கிறது. நீங்கள் அழுக்கு என்று சுரண்டும் கற்பாசியும் சும்மா இல்லை. தேதி தெரிந்த கல்லறைகளில் அது எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று அளந்துதான், தேதி தெரியாத பாறைகளுக்கு ஆய்வாளர்கள் வயது சொல்கிறார்கள்.

அப்புறம், வாசலில் நீங்கள் போட்டுவைக்கும் பூட்டு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எதற்கு என்கிறீர்கள். பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம் 1804இல் திறந்தபோது அங்கே புதைக்கவே ஆள் வரவில்லை. 1817இல் புகழ்பெற்ற பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் எலும்புகள் என்று கருதப்பட்டவற்றைக் கொண்டுவந்து வைத்துத்தான் கூட்டம் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 1831இல் தொடங்கிய மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்துக்கு, பொதுப் பூங்காக்கள் வருவதற்கு முன்பே, ஜனங்கள் குடும்பத்தோடு உலாவப் போனார்கள். நாங்கள் அந்த வழக்கத்தில்தான் வருகிறோம்.

பிளீச்சிங் பவுடரின் உப்பு கல்லுக்குள் இறங்கி, காய்ந்து படிகமாகி, மேல்தோலை உரித்துவிடும். கழுவியே ஆக வேண்டுமென்றால் வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். ஆடுகிற கல்லைத் தொடவே வேண்டாம். கழுவுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வாசலைத் திறந்து வையுங்கள்.

அந்தக் குழந்தையின் கல்லை மூன்று வருடம் முன்பு நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பெயரும் மாதமும் அதில் தெளிவாக இருக்கின்றன. அந்த நிர்வாகத்தினர் இதைப் படித்தால் கேட்கட்டும், அனுப்பி வைக்கிறேன். பதிவேட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அடிக்கடி வந்துபோகும் ஒருவன்