குறைதீர் கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வரும் காது கேளாதோர் பலர், அலுவலர் கேட்கும் எளிய கேள்விக்கும் உடன்வந்த உறவினர் வழியாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சொத்துத் தகராறோ குடும்ப வன்முறையோ, புகாரே அந்த உறவினர் மீதானதாக இருந்தால் அவர்கள் யாரிடம் முறையிடுவார்கள்? இதுவே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, உரிமை மறுக்கப்படும்போது புகார் வராவிட்டாலும் தாமாகவே முன்வந்து விசாரிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையருக்கு அளித்துள்ளது. பேசிப் புகார் சொல்ல இயலாதவர்களுக்காக அந்த அதிகாரத்தை ஆணையர் பயன்படுத்தி, எல்லா மாவட்டக் கூட்டங்களிலும் காவல் நிலையங்களிலும் தகுதி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதற்கு அரசிடம் பரிந்துரைக்க வேண்டும். அவர்களுக்கான ஊதியத்தை அரசே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை