மொட்டை மாடியில் ஒரு கோடைக் காதல்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, தோழிகளே,

‘மை சம்மர் ஆஃப் லவ்’ படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு நம் மதுரையில் நல்லபடியாகத் திரையிட்டு முடித்துவிட்டோம். முதலில் இடம் தருவதாகச் சொன்ன அரங்கத்தார், கதை தெரிந்ததும் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். அதற்கப்புறமும் இது நடந்தது உங்களால்தான். ஆளுக்கொரு போன் போட்டுச் சொன்னால் யாராவது விடுபட்டுப் போவார்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நன்றி மாடி கொடுத்த அக்காவுக்கு. “என்ன படம்மா?” என்று கேட்டீர்கள். “ரெண்டு பொண்ணுங்க காதலிக்கிற படம்க்கா” என்றேன். “எத்தனை பேரு வருவீங்க? டேங்க்ல தண்ணி ஏத்தி வைக்கணும்ல” என்றுதான் அடுத்த கேள்வி வந்தது. அந்த ஒரு வார்த்தையில் எங்கள் பாதி பயம் போய்விட்டது. பகலெல்லாம் காய்ந்த தரையில் சாயங்காலமே வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணித்து வைத்திருந்தீர்கள். ஜமக்காளத்தில் உட்கார்ந்த எல்லோருக்கும் அது தெரியட்டும்.

மைக் செட் அண்ணனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் பாக்ஸ் கட்டிப் பழகியவர். இந்தப் படத்திலோ பாதி நேரம் பேச்சே இல்லை, காற்றும் பறவையும்தான். படத்தில் காதலிக்கும் மோனாவும் டாம்சினும் புல்வெளியில் படுத்துக் கிடக்கும் இடங்களில் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் படமே இல்லை. அண்ணன் முந்தின நாளே வந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பேஸைக் குறைத்து, இரண்டு பாக்ஸையும் தெருப் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். டாம்சின் செல்லோ (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) வாசிக்கும்போது வில் கம்பியில் உரசுவதுகூடக் கேட்டது. வயரைச் சுற்றும்போது, “அந்தப் பெரிய வீட்டுப் பொண்ணு இப்படி ஏமாத்திருச்சேம்மா” என்று மனசு கேட்காமல் சொன்னார். அவருக்கு அது ஒரு காதல் கதையாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் இவ்வளவு பாடுபட்டதும் அதற்காகத்தான்.

ஏன் இந்தப் படம் என்று சிலர் கேட்டார்கள். பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி 2004-இல் எடுத்தது. 2005-இல் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி) விருது வாங்கியது. ஹெலன் கிராஸின் மூல நாவலில் 1984-ஆம் வருஷத்துச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பின்னணியில் இருக்கும். படத்தில் அதை விட்டுவிட்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கு, ஒரு கோடை, இரண்டு பெண்கள் என்று சுருக்கிக்கொண்டார் இயக்குநர். மோனாவிடம் இருப்பது எஞ்சின் இல்லாத ஒரு ஸ்கூட்டர். டாம்சின் வெள்ளைக் குதிரையில் வருகிறாள். மோனாவின் அண்ணன் ஜெயிலிலிருந்து வந்து பக்தனாகி, வீட்டு மதுக்கடையை ஜெபக்கூடமாக மாற்றி, குன்றின் மேல் பெரிய சிலுவை நடுகிறான், தங்கையை அறையில் வைத்துப் பூட்டவும் செய்கிறான். ஆனால் அந்தக் காதல் உடைவது அவனால் இல்லை. செத்துப்போனதாக டாம்சின் சொல்லி அழுத அவள் அக்கா உயிரோடு வந்து நிற்கிறாள். டாம்சினுக்கு அது லீவில் ஆடிய ஆட்டம், மோனாவுக்கோ அதுதான் வாழ்க்கை. வசதியுள்ளவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடுவாள், இல்லாதவள் எங்கே போவாள்? ஆணும் பெண்ணும் காதலித்தாலும் இதே கதைதானே.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரியது. நம் பேப்பர்களில் இரண்டு பெண்களின் காதல் பெரும்பாலும் தற்கொலைச் செய்தியாகத்தான் வரும். இந்தப் படத்தில் மோனா ஆற்றுக்குள் டாம்சினின் கழுத்தைப் பிடித்து அமுக்குகிறாள், பிறகு கையை எடுத்துவிட்டு நடந்து போய்விடுகிறாள். ரெண்டு பேருமே சாகவில்லை. நெஞ்சு வெந்து போன ஒருத்தி தன் காலில் நடந்து போவதை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தக் காட்சி சிலரை உலுக்கும் என்று முன்கூட்டியே யோசித்து, படம் முடிந்த பிறகும் நெடுநேரம் இருந்து பேசிக்கொண்டிருந்த மனநல ஆலோசகர் அக்காவுக்கு நன்றி. படிக்கட்டில் உட்கார்ந்து அழுத தங்கையிடம் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்தில் இருந்தீர்கள்.

படத்தின் உரிமைக்காக ஓயாமல் மெயில் போட்டு அனுமதி வாங்கித் தந்த வக்கீல் தோழிக்கும் நன்றி. படத்துக்கு முன்னால் நீங்கள் பேசிய பேச்சைத்தான் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரையொருவர் காதலித்து நம் மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில், தனக்கு இப்படிப்பட்ட காதல் சரியாகப் புரிய வேண்டும் என்று ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு போட்டார் என்பது அங்கே இருந்த பலருக்கும் புதுச் செய்தி. போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது, ‘மாற்றுகிறேன்’ என்று யாரும் சிகிச்சை கொடுக்கக் கூடாது என்று அதில் இருப்பதை நீங்கள் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டியபோது, பின்வரிசையில் ஒரு அப்பா எழுந்து, “இன்னொரு தடவை படிங்கம்மா” என்றார். அந்த ஐயாவுக்கும் நன்றி.

ராத்திரி ராத்திரியாக சப்டைட்டில் போட்ட மூன்று தோழிகளுக்கும், திரைத்துணியைக் காற்றில் ஆடாமல் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய பந்தல்காரருக்கும், காசு வாங்க மறுத்த டீக்கடை மாமாவுக்கும் நன்றி. விருதுநகரிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று போன் போட்டுக் கேட்ட ஆட்டோ அக்கா, அந்தப் பிள்ளைகள் உங்கள் நம்பரை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.