தேடினால் கிடைக்காத ஆய்வேடுகள்: தமிழ்த்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் தமிழ்த்துறைத் தலைவர்களாகவும் ஆய்வு நெறியாளர்களாகவும் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

சென்ற பருவத்தில் எங்கள் எம்.ஏ. முதலாண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் கருத்தரங்கக் கட்டுரை வாசித்தாள். சங்க காலத்து நீர்நிலைகள் என்பது தலைப்பு. நல்ல குரல், தடங்கலில்லாத வாசிப்பு. பாதியில் ஒரு பாட்டைச் சொல்லி, "புறநானூறு, பாடல் எண் 412" என்றாள். வகுப்பில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. புறநானூற்றில் மொத்தமே 400 பாட்டு. அதிலும் 267, 268 இரண்டும் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் வாசித்த அடிகளோ காதுக்கு அகவல் போலவே இருந்தன. இரண்டாம் அடியில் 'மேலாண்மை' என்ற இக்காலச் சொல் வந்ததும் எனக்குத் திக்கென்றது.

வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதை எங்கம்மா எடுத்தே?"

"வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சும்மா. சரியான்னு பாக்க ஏ.ஐ.கிட்டயும் கேட்டேன். அதுதான் பாட்டு எண்ணைக் குடுத்துச்சு."

"ஆய்வேடு எதுவும் பாக்கலையா?"

"நெட்ல தேடினேன்மா. ஒண்ணுமே வரலை."

போனை வாங்கிப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. தமிழில்தான் தட்டியிருந்தாள். ஒரு நிமிட வீடியோக்களும், ஒன்றையொன்று பார்த்து எழுதிய வலைப்பக்கங்களும், மஞ்சள் பின்னணியில் கொட்டை எழுத்தில் 'தமிழன்டா' என்று முடியும் படங்களும் வந்தன. ஆய்வென்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. என்னை அன்று தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. என் சொந்த ஆய்வேடே சங்கப் பாட்டுகளில் நீர்நிலைகள் பற்றியதுதான். பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றின் 18ஆம் பாட்டுக்கு மட்டும் அதில் 14 பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். மறுமையில் செல்வமும் நிலைத்த புகழும் வேண்டுமானால் நீர்நிலைகளைப் பெருக்கு என்று ஒரு புலவர் அரசனிடம் நேராகச் சொல்லும் பாட்டு அது. "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்ற அடி அதில்தான் வருகிறது, மணிமேகலையிலும் வருகிறது. என் மாணவிக்கு வேண்டியதெல்லாம் அந்த 14 பக்கத்தில் இருந்தது. என் எதிரில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை.

ஆய்வேடு இணையத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் போட்ட விதிப்படி முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் ஒப்படைக்கிறோம். காந்திநகரில் இருந்து நடத்தப்படும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இயல் இயலாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. என்னுடையதும் அங்கே உண்டு. அன்று இரவு அதைத் திறந்து, முன்னுரையில் 'தமிழ்' என்ற ஒரே சொல்லை நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். விழுந்தது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்.

உங்களில் பலருக்கு இது தெரிந்த கதை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆய்வேட்டை நான் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருந்த டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தேன். அந்தக் காலத்து எழுத்துருக்கள் எல்லாம் ஒரு தந்திரத்தில் ஓடின. கணினியின் நினைவில் ஆங்கில எழுத்துத்தான் இருக்கும். அதன் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைச் சட்டைபோல் மாட்டிவிடுவார்கள். திரையிலும் தாளிலும் தமிழ் தெரியும். உள்ளே தமிழ் கிடையாது. ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பத்துக்கு வெவ்வேறு இடத்தில் வைத்தது. ஆகவே ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பை. தேடுபொறிக்கு எல்லாமே குப்பை.

இதற்குத் தீர்வு நேற்று வந்ததும் இல்லை. எந்த மொழி எழுத்துக்கும் எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணைத் தரும் யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் (எழுத்துகளைக் கணினியில் எண்ணாகப் பதியும் முறைகள்) தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூன் மாதத்தில், ஒருங்குறியையே தரமாக அறிவித்து அரசாணையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ தமிழ் ஆய்வேடுகள் பழைய எழுத்துருவிலேயே அடிக்கப்பட்டுக் களஞ்சியம் ஏறின. என்னுடையது அவற்றில் ஒன்று. சில வெறும் ஸ்கேன் படங்கள். தலைப்புகளோ ஆங்கில எழுத்தில். 'சங்க' என்ற சொல்லையே ஒருவர் ஒருவிதமாகவும் அடுத்தவர் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். தமிழில் தட்டித் தேடும் பிள்ளைக்கு அந்தத் தலைப்பும் அகப்படாது.

இதைத்தான் இந்த மடலில் உங்கள் முன் வைக்க வந்தேன். வாட்ஸ்அப்பில் வரும் வதந்தி முழுக்க ஒருங்குறியில் இருக்கிறது. போனில் தட்டும் எவரும் தெரிந்தோ தெரியாமலோ ஒருங்குறியில்தான் தட்டுகிறார். அதனால் வதந்தியைத் தேடலாம், நகலெடுக்கலாம், ஒரே தொடுதலில் இருநூறு பேருக்கு அனுப்பலாம். ஐந்தாறு ஆண்டு உழைத்து, நெறியாளர் திருத்தி, புறத்தேர்வாளர் பார்த்து, வாய்மொழித் தேர்வில் நின்று பதில் சொல்லி எழுதிய ஆய்வு மட்டும் யார் கண்ணிலும் படாத குறியேற்றத்தில் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இணையத்தில் படிக்கக் கிடைக்கும் தமிழைப் பார்த்துத்தான் தமிழ் பழகுகின்றன. நாம் எழுதியதை அவற்றால் படிக்க முடியாது. ஃபார்வர்டுகளைப் படிக்க முடியும். 412ஆம் பாட்டு எங்கிருந்து முளைத்தது என்று நான் ஆச்சரியப்படவில்லை.

நம் பிள்ளைகள் போனையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று துறைக் கூட்டங்களில் வருத்தப்படுகிறோம். நானும் வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த மாணவி சரிபார்க்க முயன்றாள். தனக்கு வந்ததை அப்படியே நம்பாமல் தேடினாள், கேட்டாள். தேடிய இடத்தில் நாம் இல்லை. அந்தக் குறையை அவள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கருத்துத்திருட்டுப் பற்றியும் சொல்லவேண்டும். 2018இல் வந்த மானியக் குழு விதிமுறைப்படி ஒப்புமை 10 விழுக்காடுவரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை போனால் ஓராண்டு காத்திருக்கவேண்டும். அதற்கு மேல் என்றால் பதிவே ரத்து. கடுமையான விதிதான். ஆனால் பழைய எழுத்துருவில் இருக்கும் ஆய்வேட்டை, ஒப்புமை பார்க்கும் மென்பொருள் தமிழாகவே காணாது. அதிலிருந்து ஒருவர் ஒரு முழு இயலை எடுத்து ஒருங்குறியில் புதிதாக அடித்துக் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்க்க மூலமே இல்லை. ஆய்வேடுகளைத் திறந்து வைத்தால் திருட்டுப் பெருகும் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் கவலை நேர்மையானது. ஆனால் இப்போது திருடுகிறவர் துணிவது, மூலத்தை யாரும் தேடிப் பிடிக்க முடியாது என்ற தைரியத்தில்தான். தேட முடிகிற ஆய்வேடு தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

கருத்தரங்குகள் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 2020 ஊரடங்கின்போது நாளுக்கு நாலைந்து இணையவழிக் கருத்தரங்க அழைப்பிதழ்கள் குழுக்களில் வந்து விழுந்ததும், பத்துக் கேள்விக்குப் பதில் தட்டினால் மின்சான்றிதழ் வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிவந்த கேர் பட்டியலையும் மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. எது நல்ல இதழ், எது காசுக்குப் போடும் இதழ் என்று பார்க்கும் பொறுப்பு இனி உங்கள் மேசையில்தான்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயர் சொல்லி எழுதினார். பாடவேறுபாடுகளைக் காட்டினார், அரும்பதங்களுக்கு அகராதி சேர்த்தார். படிக்கிறவர் தன் சொல்லைச் சரிபார்க்கவேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர் இத்தனை பாடுபடமாட்டார். நம் காலத்திலும் அந்த எண்ணம் சிலரிடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் தொடங்கித் தட்டச்சு செய்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அவர்கள் பயன்படுத்தியது டிஸ்கி என்னும் பழைய குறியேற்றம். ஒருங்குறி பரவியதும், செய்ததையெல்லாம் மறுபடி மாற்றி ஏற்றினார்கள். ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் திட்டம் அதே வேலையைச் செய்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகனை இன்று நான் சொல் தட்டிப் பார்ப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில். அவர்களுக்கு நன்றி. அந்தப் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

மாற்றுவது கஷ்டமா என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன். என் ஆய்வேட்டின் நான்காம் இயலை பழைய எழுத்துருவை ஒருங்குறியாக்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் போட்டேன். முக்கால் பங்கு ஒரு நொடியில் தமிழாகிவிட்டது. அடிக்குறிப்பில் இருந்த ஆங்கில நூற்பெயர்களும் சேர்ந்து தமிழ் எழுத்துக் குவியலாக மாறின. அவற்றைக் கையால் திருத்தினேன். கடைக்காரர் சில இடங்களில் கால் குறிக்குப் (ா) பதில் 'ர' அடித்திருந்தார். தாளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மாற்றியதும் 'பாடல்' எல்லாம் 'பரடல்' ஆகிக் கண்ணில் குத்தியது. இரண்டு மாலை பிடித்தது, அவ்வளவுதான். ஓர் இயலுக்கு இரண்டு மாலை என்றால், ஒரு கோடை விடுமுறையில் ஒருவர் தன் ஆய்வேட்டை முடித்துவிடலாம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கல்வியாண்டு முதல் ஒருங்குறியில் இல்லாத ஆய்வேட்டுக்கு நெறியாளர் கையெழுத்துப் போடவேண்டாம். தலைப்பும் சுருக்கமும் தமிழ் எழுத்திலும் பதிவாக வேண்டும் என்று ஆய்வுப் பிரிவுக்கு எழுதுங்கள். பழைய ஆய்வேடுகளின் பின்னட்டையில் ஓர் உறை ஒட்டி அதில் சி.டி. வைத்திருப்போமே, அவை இன்னும் துறை அலமாரிகளில் இருக்கின்றன. ஆண்டுக்காண்டு கெட்டுக்கொண்டு வருகின்றன. எங்கள் துறையில் 31 எடுத்துப் போட்டுப் பார்த்ததில் 9 திறக்கவில்லை. ஆய்வாளரில் சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் எழுதியதற்கு வேறு மின்படி கிடையாது. இன்னும் ஒன்று. வாய்மொழித் தேர்வு முடிந்த ஒவ்வொருவரும் தன் கண்டுபிடிப்பைப் பொதுமக்களுக்குப் புரியும் நடையில் நாலைந்து பக்கம் எழுதித் துறைத் தளத்திலோ தமிழ் விக்கிப்பீடியாவிலோ சேர்க்கட்டும். மேற்கோள் பாட்டு எண்ணோடும் பதிப்பு விவரத்தோடும் இருக்கட்டும். மஞ்சள் படம் அனுப்புகிற மாமாவுக்குப் பதிலாக அனுப்ப நம் பிள்ளைகளிடம் ஓர் இணைப்பாவது இருக்கும்.

நிதி வேண்டும், ஆணை வேண்டும் என்று காத்திருக்கும் வேலை இதில் கொஞ்சம்தான். பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது.

அந்த மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். 412ஐ அடித்துவிட்டு 18 என்று எழுதியிருந்தாள், உ.வே.சா. பதிப்பின் பக்க எண்ணோடு. இப்போது சனிக்கிழமைகளில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு துறையில் உட்கார்ந்து பழைய சி.டி.க்களை மாற்றுகிறாள். சி.டி. போடும் வசதியுள்ள கணினி எங்களிடம் ஒன்று இன்னும் ஓடுகிறது. உங்கள் துறையில் அப்படி இல்லையென்றால், யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். மாற்றி, மெய்ப்புப் பார்த்து, மூலத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஓர் அரசு கலைக் கல்லூரித் தமிழாசிரியை