ஜாமீன் கையெழுத்து: அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

முப்பது வயது தாண்டியவளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவது உனக்குப் பிடிக்காது. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் உன்னைப் பங்குதாரர் ஆகச் சொன்னார்கள், ஒப்பந்தமும் தயாரானது, நீயும் சரி என்றாய். கையெழுத்து போட உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. தலை வலிக்கிறது, நாளைக்குப் போடுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாய். அந்த 'நாளை' போய் இரண்டு மாதம் ஆகிறது. "எனக்குச் சம்பளமே போதும் சித்தப்பா, நான் அவ்வளவு பெரிய ஆளெல்லாம் இல்லை" என்றாய். நான்கு வருடத்துக்கு முன்பு, உன் தோழிகள் சேர்ந்து நிறுவனம் தொடங்கியபோதும் இதையேதான் சொன்னாய். ஒரு வார்த்தை மாறவில்லை.

அந்தப் பேச்சு உன்னுடையது இல்லை. உன் அப்பாவுடையது. அவருக்கும் அது சொந்தம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொதுவில் எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேர் போடாதே" என்றார்.

தாத்தா வியாபாரத்தில் நொடித்துப்போனார் என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. நண்பர் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டார். நண்பர் ஊரைவிட்டே போய்விட, கடன் முழுவதும் தாத்தா தலையில் விழுந்தது. ஜப்திக்கு ஆட்கள் வந்தபோது எனக்கு ஆறு வயது, உன் அப்பாவுக்குப் பதினொன்று. பீரோ போனது, கட்டில் போனது. கடைசியாகப் பாட்டியின் தையல் மெஷினைத் தூக்க வந்தார்கள். அதில் உன் அப்பாவின் பள்ளிச் சட்டை பாதி தைத்தபடி இருந்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி ஊசியைத் தூக்கி, சட்டையை உருவி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வந்தவர்கள் காத்திருந்தார்கள். சட்டைக்கு ஒரு கைதான் இருந்தது.

இன்னொரு கையைப் பிறகு ஊசி நூல் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மெஷின் தையலும் கைத்தையலும் ஒன்றுபோல இருக்காது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று உன் அப்பா அந்த வருடம் முழுக்க இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போய் வந்தார். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார். கல்யாண போட்டோவில்கூட அந்தக் கை அப்படித்தான் இருக்கும்.

வேலைக்குப் போனபின் இரண்டு முறை அவருக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டிலும் காசோலையில் கையெழுத்து போடும் பொறுப்பு இருந்தது. இரண்டையும் வேண்டாம் என்றார். நீ அவரை லட்சியமே இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தாய். உன் ரேங்க் கார்டு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் மேஜையிலேயே கிடக்கும், கையெழுத்து போட மாட்டார். மார்க் குறைந்ததால் கோபம் என்று நீ அழுவாய். தொண்ணூறு எடுத்தபோதும் இரண்டு நாள் ஆனதே, அதை யோசித்தாயா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. கணக்குப் பிடிக்கும் என்பதால் வங்கி வேலைக்குப் போனேன் என்று முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சேர்ந்த இடம் கடன் பிரிவு. ஜாமீன் போட வருகிறவர்களிடம் "கடன் வாங்கினவர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும், தெரிந்துதான் போடுகிறீர்களா?" என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்பேன். சிலர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனதும் உண்டு. என் மேலதிகாரிக்கு அதில் வருத்தம், எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது: நான் எச்சரித்துக்கொண்டிருந்தது எதிரே உட்கார்ந்திருந்தவரை இல்லை.

அண்ணன் கையெழுத்தை விட்டு ஓடினார், நான் கையெழுத்துக்குக் காவல் நின்றேன். ஒரே ஜப்தி, இரண்டு உத்தியோகம்.

இதைப் படித்ததும் நீ இணையத்தில் தேடுவாய், தெரியும். பயம் மரபணுவிலேயே இறங்கி வருகிறது என்று நிறையக் கட்டுரைகள் கண்ணில் படும். நியூயார்க்கில் ரேச்சல் யெஹுடா குழுவினர் நாஜி இனப்படுகொலையில் உயிர் தப்பிய 32 பேரையும் அவர்களின் பிள்ளைகள் 22 பேரையும் வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் மேல் இருக்கும் வேதியியல் குறிகள் பெற்றோர், பிள்ளைகள் இரு தரப்பிலுமே மாறியிருப்பதாகச் சொன்னது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் ஐம்பது சொச்சம் பேரை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா, பிறப்பில் வந்ததையும் வளர்ப்பில் வந்ததையும் எப்படிப் பிரிப்பது என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்விகள் நியாயமாகவே படுகின்றன. நம் வீட்டு விஷயத்துக்கு மரபணு வரைக்கும் போக வேண்டியதில்லை, ரேங்க் கார்டு போதும்.

எனக்கு அதிகம் உதவியது வேறொருவர். இவான் போசோர்மெனி-நாட்ஜ் என்று ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த மனநல மருத்துவர், குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர். ஒவ்வொரு குடும்பத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேரேடு இருக்கிறது என்பார். யார் யாருக்காக எதை இழந்தார், யாருக்கு யார் பாக்கி என்பதெல்லாம் அதில் ஏறும். பெற்றவர்கள் தீர்க்காதது பிள்ளைகள் கணக்குக்குப் போகும். பிள்ளைகளும் பாசத்தினாலேயே, தெரியாமலேயே அதைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். வங்கிக்காரனுக்கு இது சட்டென்று புரிந்தது. நீ பங்குதாரர் ஆகாமல் இருப்பது ஒரு வட்டி. அப்பா ஏறாத படியில் நான் மட்டும் எப்படி ஏறுவது என்கிற வட்டி.

அதற்காக எல்லாவற்றையும் தாத்தா தலையில் கட்டிவிடாதே. அதுவும் தப்பு. 1950களில் ஆன் ரோ என்ற அமெரிக்க உளவியலாளர், சிறுவயதில் பெற்றோர் நம்மை நடத்திய விதமே நாம் எந்த மாதிரித் தொழிலுக்குப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்று ஒரு கோட்பாடு சொன்னார். பிறகு வந்த ஆய்வுகளில் அது பெரிதாகத் தேறவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த நானும் அண்ணனும் இரண்டு திசையில் போனதே போதாதா? உனக்கு அந்த அலுவலகமே பிடிக்காமல் இருக்கலாம், அந்தப் பங்குதாரர்கள் மேல் நம்பிக்கை இல்லாமலும் இருக்கலாம். அதெல்லாம் உன்னுடைய காரணங்கள். அவற்றுக்காக வேண்டாம் என்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எது உன்னுடையது, எது வீட்டிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. குடும்ப சிகிச்சையாளர்கள் மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைவார்கள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். தொழில் ஆலோசனை சொல்கிறவர்களும் இதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர் செய்த வேலையை எழுதச் சொல்கிறார்கள். நீ அதோடு இன்னொன்றும் எழுது: எந்த வேலையை மறுத்தார், எதை விட்டு வந்தார். நான் எழுதிப் பார்த்தேன். பாட்டியின் வட்டத்துக்குப் பக்கத்தில் 'தையல்' என்று எழுதி, கோடு போட்டு அடிக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் அன்றைக்கு எழுத முடியவில்லை.

அப்புறம், உன் பயத்துக்குள் நல்ல கேள்வி ஒன்றும் இருக்கிறது. நிறுவனம் கடன்பட்டால் உன் பொறுப்பு போட்ட முதலோடு நிற்குமா, உன் சொந்தச் சொத்து வரைக்கும் வருமா? ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் தேடிப் படித்தாயா? படித்திருக்க மாட்டாய் என்றே நினைக்கிறேன். நடுங்குகிறவர்கள் படிப்பதில்லை, எழுந்து வந்துவிடுகிறார்கள். தாத்தாவும் படிக்கவில்லை, ஆனால் போட்டுவிட்டார்.

ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பு. பொறுப்பு பற்றிய பக்கத்தை வரி வரியாகப் படித்து, புரிகிற மாதிரி எழுதி அனுப்புகிறேன். முப்பது வருடம் செய்த வேலைதானே. போடு என்றோ போடாதே என்றோ சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போகும்போது அந்தச் சட்டையைப் பற்றிக் கேள். உடனே பதில் வராது. இரண்டு நாள் ஆகும்.

அன்புடன்,
சித்தப்பா